வெப்பம் அளந்த இடம்: பிள்ளையார்பாளையம்

பிள்ளையார்பாளையம் பஞ்சாட்சரத்துக்குக் காய்ச்சல் வந்தால் அவர் மனைவி அம்சவேணியின் உடம்பு சுடும். அம்சவேணிக்குக் காய்ச்சல் வந்தால் பஞ்சாட்சரத்தின் உடம்பு சுடும். சூடு மட்டும்தான் இப்படி இடம் மாறும். இருமல், தொண்டை வலி, கை கால் குடைச்சல் எல்லாம் அவரவருக்கே. கல்யாணமான இரண்டாம் மாதம் தொடங்கிய இந்த ஏற்பாடு இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவர்கள் வீட்டில் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். இவர் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். அதனால்தான் என்றார்கள் சிலர். அதற்கு மேல் அந்தத் தெருவில் யாரும் ஆராயவில்லை. எதிர்வீட்டு முனிரத்தினத்துக்கு விக்கல் எடுத்தால், அவரோடு தறியில் உட்காரும் மச்சான்தான் தண்ணீர் குடிப்பார். அப்படிப்பட்ட தெரு அது.

தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் காஜாவுக்கு இந்த விஷயம் தண்ணீர் பட்ட பாடு. தெர்மாமீட்டரை ஒருவர் வாயில் வைப்பார், மாத்திரையை இன்னொருவர் வாயில் போடுவார். கடை வைத்த புதிதில் ஒரே ஒரு முறை, சுடுகிற உடம்புக்கே மாத்திரையைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் முழித்ததோடு சரி. தூரமும் ஒரு பொருட்டில்லை. பஞ்சாட்சரம் வாலாஜாபாத் போனாலும், கண்காட்சிக்கென்று கொல்கத்தா போனாலும், அவருடைய சூடு அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

கொரோனா வந்த வருஷம், மார்ச் மாதத் தொடக்கத்தில், சிங்கப்பூரில் ஒரு கைத்தறிக் கண்காட்சி. பஞ்சாட்சரம் தனியாகத்தான் போனார். மகள் புவனேஸ்வரி ஒன்பது மாத வயிற்றோடு தாய்வீட்டில் இருந்தாள்; டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு வீசிங் வேறு. ஆகவே அம்சவேணி ஊரைவிட்டு நகரவில்லை. ஆறு நாள் கண்காட்சி முடிந்து பஞ்சாட்சரம் திரும்பினார். விமானத்தில் தொண்டை கரகரத்தது, முழங்கால் இரண்டும் குடைந்தன. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். மீனம்பாக்கத்தில் இறங்கி, சுகாதாரப் பரிசோதனை வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியை உயிர்ப்பித்தபோது அம்சவேணியின் குரல் பதிவு காத்திருந்தது.

“இன்னாய்யா பண்ணிக்கினு வந்த அங்க? காலைலருந்து எனக்கு அடுப்பாட்டம் கொதிக்குது. எனக்கு தும்மல் இல்ல, இருமல் இல்ல. இது உன்னுதுதான். புவனா கிட்ட நான் போவல, மாடிப்படி கீழ படுத்துக்கினு இருக்கேன். எறங்குனதும் போன் பண்ணு.”

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வெப்பக் கேமரா முன்னால் ஒவ்வொருவராக நடந்தார்கள். சுடுகிறவர்களைச் சிவப்புக் கட்டம் பிடித்தது. மற்றவர்கள் பச்சையாக வெளியே போனார்கள். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பச்சையாகப் போனவர்களும் அந்த வாரம் உண்டு. பஞ்சாட்சரம் மாத்திரை போடாமலே பச்சை. தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு.

“நீங்க போலாம் சார்” என்றாள் சுகாதார ஆய்வாளர்.

பஞ்சாட்சரம் நகரவில்லை. வெளியே மருமகன் கதிர்வேல் காரோடு நிற்கிறான். இரண்டு மணி நேரத்தில் வீடு. வாசலுக்கு முதலில் வருகிறவள் புவனா. அவர் வீட்டில் தறி இருக்கும் கூடம் ஒன்று, சமையலறை ஒன்று; தனியாக இருக்கச் சொன்னால் அதற்கு அங்கே சுவர் கிடையாது. நிமிர்ந்து அந்தப் பெண்ணின் சட்டையில் இருந்த பெயரைப் படித்தார். ஏலவார்குழலி. காஞ்சிபுரத்து அம்மன் பேர். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“எனக்கு ஜொரம் இருக்குதும்மா.”

“இல்ல சார். நார்மல்.”

“இங்க இல்ல. வூட்ல இருக்குது.”

“வீட்ல யாருக்கு?”

“எனக்குத்தான்.”

பின்னால் நின்றவர், “பெருசு, கதைய ஓரமா நின்னு சொல்லுபா” என்றார். வரிசை சிரித்தது. ஏலவார்குழலி சிரிக்கவில்லை. அவரை ஓரமாக அழைத்துப்போய் நாற்காலி கொடுத்து, பணியில் இருந்த மருத்துவரைக் கூப்பிட்டாள். மருத்துவர் முழுக்கக் கேட்டார். “ஒரு வாரமா வெளிய போறதுக்கு விதவிதமா பொய் கேட்டுட்டேன். உள்ள இருக்கறதுக்குப் பொய் சொல்ற மொத ஆள் நீங்கதான்” என்றார். காய்ச்சல் இல்லாதவரிடம் ஒரு அறிவுரைத் தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் அன்றைக்கு அவர் கையில் இருந்த உத்தரவு. தாளையும் நீட்டினார். பஞ்சாட்சரம் அதை வாங்காமல் கைகளைக் கட்டிக்கொண்டார்.

ஏலவார்குழலி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். பஞ்சாட்சரம் சொன்ன மருந்துக்கடை காஜாவுக்கு வீடியோவில் போன் போடச் சொன்னாள். காஜா கடையிலிருந்து வீட்டுக்கு ஓடி, மாடிப்படிக்குக் கீழே அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்து தெர்மாமீட்டரைக் காட்டினார். நூற்று மூன்று.

“அவங்களுக்கு மாத்திரை எதுவும் தராதீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அளந்து காட்டுங்க, போதும்” என்றாள் ஏலவார்குழலி.

“சரிங்க மேடம். யக்கா, வாயத் தொறங்க.”

கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பஞ்சாட்சரத்தின் கையில் ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். காஜாவுக்கு அது தெரியாது. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பத்தாவது நிமிஷம், நூற்று மூன்று. இருபதாவது நிமிஷம், அதே நூற்று மூன்று. மருத்துவர் மறுபடி தாளை எடுத்தார். கதிர்வேல் வெளியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். முப்பதாவது நிமிஷம், நூற்று இரண்டரை. நாற்பத்தைந்தாவது நிமிஷம் காஜா கத்தினார்.

“மேடம், நான் ஒண்ணும் குடுக்கலீங்க, அல்லா சத்தியமா! யக்காவுக்கு குப்புனு வேர்த்து ஊத்துது. நூறுதான் இருக்குது. யாரோ அண்ணனுக்கு மாத்திரை குடுத்துட்டாங்க அங்க!”

“நான்தான்” என்றாள் ஏலவார்குழலி.

மருத்துவர் அறிவுரைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். காய்ச்சல், ஆம் அல்லது இல்லை என்ற இடத்தில் அவள் ஆம் என்று எழுதினாள். உடல் வெப்பம் என்பதற்கு எதிரில் நூற்று மூன்று. அளந்த இடம் என்பதற்கு எதிரில் பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம். மருத்துவர் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவம் மேலிடத்துக்குப் போனது; மேலிடத்திலிருந்து ஊரின் அஞ்சல் குறியீட்டு எண் விடுபட்டிருப்பதாக ஒரு குறிப்பு வந்தது, அவ்வளவுதான்.

பஞ்சாட்சரத்துக்குக் கொரோனா இருந்தது. மருத்துவமனையில் அவர் இருமிக்கொண்டு படுத்திருந்தார், நெற்றி மட்டும் பானைத் தண்ணீர் போல. செவிலியர்கள் மூன்று வேளையும் காஜாவுக்குப் போன் போட்டு வெப்பத்தைக் கேட்டு அட்டையில் குறித்தார்கள். அம்சவேணிக்கும் புவனாவுக்கும் சோதனை செய்து பார்த்தார்கள், இருவருக்கும் இல்லை. சும்மா கிடக்கிற சூட்டை வீணாக்க மனமில்லாமல் அம்சவேணி தோசை மாவுக் குண்டானை மடியில் வைத்துக்கொள்ள, மாவு முக்கால் மணி நேரத்தில் பொங்கியது. பக்கத்து வீட்டார் இருவரும் தங்கள் குண்டான்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் புவனேஸ்வரிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாய்க்கு மூச்சு சீராக இருந்தது. குழந்தை அழுத சத்தத்தைப் பஞ்சாட்சரம் போனில் கேட்டு, வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

பதினேழாம் நாள், நாடே ஊரடங்கில் இருக்க, ஆம்புலன்ஸ் அவரை வீட்டில் இறக்கிவிட்டது.

“நானு பதினாறு நாளு வெந்துக்கினு கெடந்தேன். இவரு ஜில்லுனு படுத்துக்கினு வந்துட்டாரு” என்றாள் அம்சவேணி.

“இருமுனது யாருடி?”

“இருமல் இன்னா பெரிய இருமல். இனிமே நீ எங்க போனாலும் நானும் வருவேன். சூடு எங்கியோ, ஆளு எங்கியோன்னு என்னால அல்லாட முடியாது.”

சொன்னபடியே செய்தாள். விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும், அடுத்த கண்காட்சிக்கு இருவரும் சேர்ந்தே போய் வந்தார்கள். திரும்பும்போது மீனம்பாக்கத்தில் கேமரா இன்னும் இருந்தது. பஞ்சாட்சரம் பச்சையாக நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த அம்சவேணியைச் சிவப்புக் கட்டம் பிடித்தது, நூற்று ஒன்று. வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். கேமரா அருகே புதிதாக வேலைக்கு வந்திருந்தவர் பதறி எழுந்தார். ஏலவார்குழலி எட்டி எண்ணைப் பார்த்தாள், பிறகு இருவரையும் பார்த்தாள்.

“நீங்க போங்கம்மா” என்றாள் அம்சவேணியிடம். “ஐயா, நீங்க இப்படி வந்து உக்காருங்க. தொண்டை எப்படி இருக்கு?”

புதியவர் பஞ்சாட்சரத்தின் பெயரை எழுதி, எதிரில் நூற்று ஒன்று என்று குறித்தார். அம்சவேணி ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பெட்டி வரும் இடத்துக்கு நடந்தாள்.