ஆற்று வளைவின் நீர்மட்டம்

காலையிலிருந்து அக்கா போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் மாமனாரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா, வேண்டாமா? அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறது. புரட்டிப் படுக்க வைத்தாலே அலறுகிறார். வீடோ ஆற்றின் வளைவில், தரைத்தளத்தில். மாடிப்படி ஒரு ஆள் ஒடுங்கிப் போகிற அகலம். அத்தான் வேறு வெளியூரில். நான் வெள்ளக் கணிப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் என் வார்த்தைதான் அவளுக்குத் தீர்ப்பு.

ஆற்றின் நீர்மட்டத்தைக் கணிக்கிற எங்கள் ஃபோர்ட்ரான் புரோகிராம் வளைவுக்குத் தண்ணீர் வராது என்றது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மேலே அணைக்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. திரையில் மட்டும் வளைவின் நீர்மட்டம் நேற்றிருந்த இடத்திலேயே ஆணி அடித்தாற்போல நிற்கிறது. ஆறென்ன, நில் என்றால் நிற்கிற பிள்ளையா?

புரோகிராமைப் போன வாரம் மாற்றி எழுதியவன் பக்கத்து மேஜைக்காரன். அவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர், சும்மா வைக்கவில்லை. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, புரோகிராமின் தனித்தனி நகல்களான பல புராசஸ்கள் ஒரே நேரத்தில் கணக்குப் போடும். முன்பு ஒவ்வொன்றும் முழு ஆற்றின் விவரத்தையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு மெமரியை அடைத்தன. எல்லாவற்றுக்கும் பொதுவான மெமரியில் ஒரே பிரதி இருந்தால் போதும் என்று அவன் மாற்றினான். யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

"ஒரு துண்டோட விவரத்தைப் பொதுவுல எப்படி வச்ச?" என்று கேட்டேன்.

"விவரத்தையெல்லாம் ஒண்ணாக் கட்டி வைக்க நாம எழுதின டைப்பை அப்படியே தூக்கி வச்சேன். நீளம், அகலம், நீர்மட்ட வரிசை, எல்லாம் அதுலயே இருக்கே."

தப்பு அங்கேதான் இருந்தது. நீளமும் அகலமும் வெறும் எண்கள், அவை அதிலேயே இருக்கும். நீர்மட்ட வரிசை அப்படியல்ல. ஓடும்போது அளவு பார்த்து இடம் ஒதுக்கப்படுவது அது. டைப்புக்குள் இருப்பது அதன் முகவரிதான். சரக்கு முதல் புராசஸின் சொந்த மெமரியில் கிடக்கிறது. மற்றவை அந்த முகவரியைத் தங்கள் சொந்த மெமரியில் போய்த் தேடும். கதவு எண்ணைச் சொல்லிவிட்டுத் தெருப் பெயரைச் சொல்லாமல் விட்ட கதை. அங்கே ஒன்றுமே இல்லாவிட்டால் புரோகிராம் அப்போதே விழுந்திருக்கும், நாங்களும் பிழைத்திருப்போம். எங்கள் கெட்ட நேரம், எல்லா புராசஸ்களும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. ஒவ்வொன்றிலும் அதே கதவு எண்ணில், தொடக்கத்தில் படித்த நேற்றைய நீர்மட்டம் உட்கார்ந்திருந்தது. கணக்கில் அணைத் தண்ணீர் முதல் புராசஸைத் தாண்டவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துப்போனது. திட்டுவதற்கு நாக்கு துறுதுறுத்தது, நேரமில்லை. மேலதிகாரியிடம் ஓடி, காலையில் அனுப்பிய கணிப்பை நிறுத்தச் சொல் என்று விரட்டிவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

"தண்ணி வரும்னு கம்ப்யூட்டர் சொல்லுதா?"

"அது இன்னும் சொல்லல. நான் சொல்றேன். கிளம்புக்கா."

வண்டி பிடித்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எங்கேயாவது மேட்டுக்குப் போனால் சரி என்று வைத்துவிட்டேன்.

நீர்மட்டங்களையெல்லாம் ஒரே நீள வரிசையாக்கிப் பொது மெமரியிலேயே வைத்தேன். ஒவ்வொரு புராசஸும் அதற்குத் தன் பாயிண்டரை, அதாவது தன் முகவரிக் குறிப்பை, தானே அமைத்துக்கொள்ளும்படி எழுதினேன். ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றவற்றைக் காத்திருக்கச் சொல்லும் வரியையும் சேர்த்தேன். அந்தச் சின்ன வேலையில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன்.

ஓடி முடித்தது. வளைவில் இருட்டுவதற்குள் இடுப்பளவு தண்ணீர். நல்லவேளை, கிளம்பச் சொன்னோம் என்று மூச்சு விட்டேன். பிறகுதான் அடுத்த துண்டைப் பார்த்தேன். அது பாலம். பாலத்துக்கு ஏறும் சாலை தாழ்வானது, வளைவுக்கு முன்பே மூழ்குகிறது. இந்நேரம் மூழ்க ஆரம்பித்திருக்கும். அக்காவின் வீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான், அவள் போகிற வழியை நினைக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தாள்.

"பாலத்துக்கு முன்னாடி நிக்கிறோம். கொஞ்சம் தண்ணிதான், போயிடலாம்னு டிரைவர் சொல்றார்."

"வேண்டாம்க்கா. திரும்பு. வீட்டுக்கே போய், மாடி வீட்டுக்காரங்களக் கூப்பிட்டு அவரை மேல ஏத்திடு."

"நீதானே கிளம்பச் சொன்ன" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அந்தப் படியில அவரை எப்படிடி தூக்குறது?"

திரும்புக்கா, திரும்புக்கா என்று அதையே சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை. டிரைவரிடம் ஏதோ சொன்னாள். வண்டி பின்னால் நகர்ந்தது, குழியில் இறங்கி ஏறியிருக்க வேண்டும், மாமனார் அலறினார். அவசரம் மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்து திரையைப் பார்த்தான். அவர் மறுபடியும் மறுபடியும் அலறினார். அந்த அலறல் கேட்கிறவரை வண்டி தண்ணீரில் இறங்காமல் தரையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.