பள்ளத்தில் நின்ற வெஸ்பர்

குட்டியின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தபோதே மார்லா ஸ்டாம்பர் வேண்டத் தொடங்கிவிட்டாள். பெண்ணாக இருக்கட்டும், கடவுளே. இந்த ஒரு தடவையாவது பெண்ணாக இருக்கட்டும்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா ஒரே ஒரு பெண்குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு கென்டக்கிக்கு வந்து தொடங்கிய பந்தயக் குதிரைப் பண்ணை அது. அந்தக் குதிரையின் மகள், மகளின் மகள் என்று வந்த வரிசையில் மிஞ்சியிருப்பது வெஸ்பர் மட்டும்தான். வெஸ்பரோ இதுவரை ஈன்றதெல்லாம் ஆண். வயதும் ஏறிவிட்டது. இதுதான் கடைசிப் பேறு என்று கால்நடை டாக்டர் ஹாஸ்கின்ஸ் கறாராகச் சொல்லியிருந்தார். வரிசை நிற்பதும் அறுவதும் இந்த ஒரு வயிற்றில் இருந்தது.

டாக்டர் குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தார். "பொண்ணுதான் மார்லா!"

அவள் கத்தியே விட்டாள். கொட்டில் வாசலில் நின்ற அப்பா ராய்ஸைப் போய்க் கட்டிக்கொண்டாள். கிழவர் மரக்கட்டை மாதிரி நின்றார். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் பாவி மகள்.

டாக்டர் மிச்சச் சவ்வை விலக்கித் துண்டால் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

குட்டியின் முதுகிலிருந்து வயிறு வரை, பாலைக் கவிழ்த்துவிட்டது போல வெள்ளை. மறுபக்கம் புரட்டினால் அங்கேயும். வெஸ்பர் செம்பழுப்பு. சினைக்காக அவளை அனுப்பிவைத்த பெரிய பண்ணையில் சேர்த்த பொலிகுதிரை மை போலக் கறுப்பு. இரண்டு வம்சத்திலும் தேடினாலும் இப்படி ஒரு திட்டு கிடையாது.

"என்ன எழவு டாக்டர் இது?"

அடுத்த வேலிக்குள்ளிருந்து பட்டன் கனைத்தான்.

பட்டன் ஒரு மட்டக் குதிரை. உடம்பெல்லாம் பழுப்பும் வெள்ளையும். பெண்குதிரை சேர்க்கைக்குத் தயாரா என்று பார்ப்பதற்காக அவனை அருகில் விடுவார்கள். அவள் இணங்கி நின்றால் உடனே இவனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கைமீறிப் போகாமலிருக்க வயிற்றுக்குக் கீழே ஒரு தோல் மறைப்பும் கட்டியிருக்கும். கல்யாணத் தரகருக்குப் பந்தியில் ஓர் இலையாவது விழும், பட்டனுக்கு அதுவும் இல்லை.

மார்லா பட்டனைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள். "அப்பா, அந்த மறைப்பைக் கட்டுறது நீங்கதானே?"

"நான்தான்மா."

"அறுந்துபோச்சா?"

"இல்ல. அவுத்துவிட்டேன்."

கேட்டது காதில்தான் விழுந்தது, புத்திக்கு ஏறவில்லை.

"பெரிய பண்ணையிலேருந்து வெஸ்பர் திரும்பி வந்தன்னிக்கு," என்றார் ராய்ஸ், தொப்பியைப் பார்த்தபடி. "இவளுக்கு இனிமே தங்காது, வீண்முயற்சின்னு டாக்டர் சொன்னாருல்ல? நானும் நம்பினேன். இந்தப் பய வேலியோரமா நின்னு அவளையே பாத்துக்கிட்டிருந்தான். எத்தனை வருஷம்மா அவனை வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய்ப் போய்த் திருப்பி இழுத்திருப்பேன்! மனசு கேக்கல."

"நான் தங்காதுன்னுதான் சொன்னேன், தாரை வார்க்கச் சொல்லலையே!" என்றார் டாக்டர்.

மார்லாவுக்கு அப்போதும் நம்ப முடியவில்லை. "அவன் இவ வயித்து உசரம்கூட இல்லையேப்பா! எப்படி?"

கிழவரின் காது சிவந்தது. "அவளைப் பள்ளத்துல நிறுத்தினேன்."

டாக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். மார்லாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அப்பாவா? மாற்றான் குதிரை வேலியை முகர்ந்தாலே துப்பாக்கியைத் தூக்குகிற மனுஷனா?

"அப்புறம் சினைன்னு தெரிஞ்சப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே!"

"அந்தக் கறுப்பனோடதா இருக்கணும்னு தினமும் கும்பிட்டேன்மா."

இனி என்ன கும்பிட்டும் பயனில்லை. கலப்புக் குட்டியை வம்சப் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள். இவள் பந்தயத்தில் ஓட முடியாது. இவள் பெறும் குட்டிகளும் ஓட முடியாது. நாலு தலைமுறை கட்டிக்காத்த வரிசையை இரக்கப்பட்டு முடித்துவைத்துவிட்டார் அப்பா.

"திட்டும்மா. ஏதாவது சொல்லு."

அவள் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குட்டி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, ஒருவழியாகத் தாயின் மடியைப் பிடித்தது. எந்த ஆண் குட்டியையும் ஒரு நக்கு நக்கிவிட்டுத் தீனித் தொட்டிக்குத் திரும்பிவிடும் வெஸ்பர், இந்த வெள்ளைத் திட்டுகளை விடாமல் நக்கிக்கொண்டிருந்தாள். மார்லா வாயில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணாக இருக்கட்டும் என்றுதான் அவள் வேண்டியிருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது.