கண்ணில் பட்டதை எழுது

இருபத்தாறாவது நோட்டிலும் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. இலக்கிய ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடிவைத்து, மேசையில் மீதமிருந்ததைப் பார்த்தாள். இன்னும் ஐந்து. ஊரை விட்டுக் காட்டோரம் போய்க் குடியிருந்து, இயற்கையின் நடுவில்தான் மனிதனுக்குத் தன் உள்ளம் தெரியவரும் என்று நம்பிய பழைய எழுத்தாளர்களின் கட்டுரைகளைப் பதினொன்றாம் வகுப்புக்குப் பத்தொன்பது வருடமாக நடத்துகிறாள். தனிமையைப் பற்றிய பத்தி வரும்போது அவள் குரல் தானாகத் தணியும். எந்த வரியில் தணிய வேண்டும் என்பதுகூடப் பழகிப்போயிருந்தது.

இந்த வருடம்தான் பிள்ளைகளை வெளியே அனுப்பிப் பார்த்தாள். பள்ளி வளாகத்தில் ஆளுக்கு ஓர் இடம், பத்து நாள் மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம், ஃபோன் கூடாது.

"கொசு கடிக்கும் மிஸ்."

"கடிச்சா அதையும் எழுது. கண்ணுல பட்டதை எழுதணும். அழகா இருக்கறதை மட்டும் பொறுக்கி எழுதக் கூடாது."

இருபத்தேழாவது நோட்டு, வகுப்பில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் பெண்ணுடையது. நெடுநெடுவென்று வளர்ந்தவள், கேட்டால்தான் வாயைத் திறப்பாள். அவள் பிடித்த இடம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்புறம். முதல் நாள், ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகும் எறும்பு வரிசை. இரண்டாம் நாள், சுவரில் வெயில் படாத பக்கம் மட்டும் பாசி. ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருடம் கழித்து, படிப்பதற்காகவே படிக்கத் தோன்றியது.

நான்காம் நாள்: "எதிரே வெள்ளைக் கார். உள்ளே ஒருவர். எஞ்சின் ஓடவில்லை. கண்ணாடி ஏறியிருக்கிறது."

ஐந்து: "இன்றும் வந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சாப்பிடாமல் மூடினார்."

ஏழு: "ஃபோனைக் காதில் வைக்கிறார். உதடு அசையவில்லை. எடுத்துப் பார்க்கிறார். மறுபடி வைக்கிறார். நான்கு முறை. மணி அடித்ததும் கண்ணாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டு இறங்குகிறார். இறங்கும்போது வேறு ஆள் மாதிரி இருக்கிறார்."

ஆசிரியை நோட்டை மூடினாள். ஆசிரியர் அறையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. இருந்தாலும் காது சுட்டது. அவள் மகளுக்கும் பதினாறு வயதுதான். மகள் தன் அப்பாவோடு இருக்கப் போய் எட்டு மாதமாகிறது. 'கொஞ்ச நாள் விடும்மா' என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதன்பிறகு அழைப்பை எடுப்பதில்லை. மகள் பள்ளியிலும் அதே நேரத்துக்குத்தான் மதிய இடைவேளை.

கதவருகில் துணை முதல்வர் தலையை நீட்டினார். "மேடம், வெள்ளிக்கிழமை பெத்தவங்க வர்றாங்க. நூலகத்துல வைக்க நல்ல நோட்டா ஒண்ணு குடுங்க."

"குடுக்கறேன் சார்."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணை நிறுத்திவைத்தாள்.

"கார்ல இருந்தது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மிஸ்."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"முதல்ல எழுத வேணாம்னுதான் நினைச்சேன்." பெண் பையின் பட்டையைத் திருகினாள். "விட்டுட்டா பொய் மாதிரி இருந்துச்சு. யார்கிட்டயும் காட்டல மிஸ். அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சிடட்டுமா?"

கிழித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். இல்லை, சூரியன் சிரிக்கும் நோட்டுகளில் கையெழுத்து அழகாக இருக்கும் ஒன்றை அனுப்பியிருக்கலாம். பெற்றோர்களுக்கு அது பிடித்தும் இருக்கும். நோட்டு இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது.

"வேணாம்," என்றாள் ஆசிரியை. "நூலகத்துக்கு இதைத்தான் அனுப்பலாம்னு இருக்கேன். உனக்குச் சம்மதமா?"

பெண் யோசித்தாள். "உங்களுக்கு?"

ஆசிரியை மதிப்பெண்ணைப் போட்டு, நூலகத்தில் வைக்கச் சொல்லி நோட்டை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை நோட்டைப் பலர் புரட்டினார்கள். மாலையில் கணக்கு வாத்தியார் டீ கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "பிரமாதமா எழுதியிருக்கா. அந்தக் கார்ல வர்றது யாருங்க? மனசை என்னமோ பண்ணுது."

"நான்தான் சார்."

அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. "சர்க்கரை கம்மியா போட்டுட்டான்," என்றார்.

திங்கட்கிழமை மதியம் அவள் ஃபோனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். ஆய்வுக்கூடத்தின் பின்படியில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு முறை கை தானாக ஃபோனைத் தேடி மடியைத் தடவியது. அப்புறம்தான் கண்ணில் பட்டது: கூரை விளிம்பிலிருந்து ஒரு பச்சைப் புழு, இருப்பதே தெரியாத நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அதைச் சுவர் பக்கமாகக் கொண்டுபோனது. முன்கால்கள் சுண்ணாம்பைத் தொட்டு வழுக்கின. புழு சுவரை விட்டு விலகி, சுழன்று, அசையாமல் தொங்கியது. மறுபடி காற்று வந்து பக்கத்து மரத்தின் இலைகள் சலசலத்தன. புழு உடலை நீட்டியது.