முதுகு வலி என்றுதான் சொன்னார்

கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் அவருக்குப் பெயரே பிரேக் சார்தான். பழகுகிறவர் பக்கத்தில் பாதித் தூக்கத்தில் இருப்பவர் போலத்தான் உட்கார்ந்திருப்பார். எதிரே ஏதாவது வந்துவிட்டால், தன் பக்கம் இருக்கும் தனி பிரேக்கில் அவர் கால் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும்.

புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றபோதும் அவர் ஆடிப்போகவில்லை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுக்கப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும் மனைவி அழுதாள். வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். அவருக்குத்தான் எதுவும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்ன நல்ல செய்தி தன் காதில் விழுந்தது போல இருந்தது.

சிறுநீர் போவதற்கு மாட்டியிருந்த குழாயை எடுத்த பிறகுதான் மிச்சக் கதை தெரிந்தது. இருமினால் சொட்டியது. எழுந்தால் சொட்டியது. பேடு வைத்துக்கொள்ளுங்கள், அடக்குகிற தசையை இறுக்கி இறுக்கி விடுங்கள், போகப் போகச் சரியாகும் என்றார்கள். இன்னொன்றை டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நரம்பு அடிபட்டிருக்கிறது, ஆணுறுப்பில் எழுச்சி திரும்புமா என்று இப்போது சொல்வதற்கில்லை. அவர் தலையாட்டிக்கொண்டார். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொட்டுவதும் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு, பேடுகளைக் காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். முதுகு வலிக்கிறது, தரையில் படுத்தால்தான் தேவலை என்று தலையணையோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் சொன்னதை நம்பித் தைலம் வாங்கி வந்தாள். அப்புறம் முதுகுக்கு நல்லது என்று கெட்டியான மெத்தையே வாங்கிப் போட்டாள். மெத்தை உள்ளே கிடந்தது, அவர் கூடத்தில் கிடந்தார்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, பல் டாக்டர் அம்மா ஒருவர் அவரிடம் வண்டி பழகினார். ஒருநாள் சந்தில் திரும்பும்போது சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. அவர் கால் பிரேக்கில் விழுந்தது. வண்டி நின்றது, அவருக்குள் நிற்கவேண்டியது நிற்கவில்லை. காலையில் வைத்த பேடு ஏற்கெனவே ஊறியிருந்தது. தொடை வழியே சூடு இறங்கியது. அந்த அம்மா பார்த்துவிட்டார். தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்றார் இவர். பாட்டில் மூடி திறக்காமல் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

"சரிங்க சார், இன்னைக்கு இது போதும்" என்று மட்டும் சொல்லி அந்த அம்மா வண்டியை ஓரம் கட்டினார்.

மானம் போய்விட்டதே என்று நெஞ்சு பதறும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் பதறவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தடவிப் பார்ப்பது போலத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார்.

பகலிலேயே வீட்டுக்குப் போய் பேன்ட்டை அலசிக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள். பள்ளியில் பரீட்சை, அரை நாள்தான். குளியலறை வாசலில் நின்று பேன்ட்டையும் பேடையும் மாறி மாறிப் பார்த்தாள். நின்றுவிட்டதாகச் சொன்னீர்களே என்று கேட்டாள். அவர் தண்ணீரை நிறுத்தாமலே எல்லாவற்றையும் சொன்னார், டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னது உட்பட. வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ வாசிப்பது போலத்தான் சொன்னார்.

அவளே கை நீட்டிக் குழாயை மூடினாள்.

"அப்ப முதுகு?"

"முதுகுக்கு ஒண்ணுமில்ல. மெத்தை நனைஞ்சிடுமேன்னு. அதோட... நீ மேல கையப் போட்டா நான் என்ன பண்றது?"

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நோய் வந்தது உங்களுக்கு. தனியா படுக்கணும்னு எனக்கு எதுக்குங்க தண்டனை? என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அப்படி ஒன்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கே அவள் மெத்தை மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் போர்வையை இழுத்துச் செருகினாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடவே வந்து, நர்ஸிடம் ஒளிவுமறைவில்லாமல் எல்லாம் கேட்டாள். நர்ஸ் கையால் அழுத்தும் பம்பு ஒன்றை எடுத்து, எழுச்சிக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கினார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ரொம்பச் சத்தம் போடுமா? கீழ்வீட்டுல ஆள் இருக்காங்க."

நர்ஸ் சிரித்துவிட்டார். இவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் சொட்டிவிட்டது.

"போச்சா?" என்றாள் மனைவி, காதோரமாக.

"போச்சு" என்றார்.

ஒரு விடுமுறைப் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தார்கள். பம்பு தன் வேலையைச் செய்தது. ஆனால் ஜில்லென்று, இரவல் வாங்கி வந்த உறுப்பு போல இருந்தது. பாதியிலேயே இருவருக்கும் போதும் என்று ஆகிவிட்டது. எப்படி இருந்தது என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். அவள் தேற்றவும் இல்லை, முகம் வாடவும் இல்லை. நகர்ந்து வந்து அவர் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். தலையின் கனம் அவருக்குத் தெரிந்தது. அவள் விழிக்கும்வரை அசையாமல் படுத்திருந்தார். அப்புறம் எழுந்து போய் பேடை மாற்றிக்கொண்டு, இரண்டு பேருக்கும் டீ போட்டார்.