நாலாம் கேமராவில் இறங்கிய பச்சை

செடியாராய்ச்சிக்காரிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள், மூன்றாவது முறையும் நம்ப மாட்டாள். “என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட விசாரிச்சே?” என்று கணவன் சீண்டினால், “பதினோரு பேர்” என்று கூச்சமே இல்லாமல் சொல்வாள்.

காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே வளரும் சிறு செடிகள் எப்போது துளிர்க்கின்றன, எப்போது வாடுகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. பன்னிரண்டு கம்பங்களில் பன்னிரண்டு கேமராக்கள். ஒவ்வொன்றும் தினமும் நண்பகலில் ஒரே ஒரு படம் எடுக்கும். கேமரா பார்க்கும் இடத்தில் ஒரு இலையைக்கூட யாரும் தொடக்கூடாது என்பது விதி. எழுதியவளும் அவள்தான்.

இந்தத் துளிர்ப் பருவத்தில் பதினோரு கேமராக்களின் படங்களில் பச்சையின் அளவு ஏறியது. நாலாம் கேமராவில் மட்டும் இறங்கியது. அதுவும் வாரா வாரம், வெள்ளிக்கிழமைப் படத்துக்கும் சனிக்கிழமைப் படத்துக்கும் நடுவில். சனிக்கிழமை காலையில் பேட்டரி மாற்றப் போகிறவர் காவலாளி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் அவருக்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர். எதையோ மறைக்கிறவன்தான் இப்படி வாயைத் திறக்க மாட்டான் என்று அவள் முடிவுகட்டினாள். அதுவரை அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டவள், அதையும் நிறுத்திவிட்டாள்.

“அந்தச் செடியைப் பறிச்சு விக்கிறாரோ என்னவோ” என்றாள் வீட்டில்.

“போற வர்ற எல்லாரும் உனக்குத் திருடன்தான். என்னை விட்டு வெச்சிருக்கியே, அதுவே பெருசு” என்றான் கணவன்.

அவள் கேட்கவில்லை. ஆராய்ச்சி நிலைய இயக்குநருக்குப் புகார் எழுதினாள். திங்கட்கிழமையோடு காவலாளியை நிறுத்திவிடுவதாகப் பதில் வந்தது. கையும் களவுமாகக் காட்டிவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை எதிர்மரத்தில் இன்னொரு கேமராவை ஒளித்துக் கட்டினாள். அது நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும்.

திங்கட்கிழமை காலையில் அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்து படங்களைத் திறந்தாள். சனிக்கிழமை ஏழு பத்துக்கு வாய்ப்பூட்டு வந்திருந்தார். கம்பத்துக்குப் பின்பக்கமாகவே சுற்றி வந்து, பேட்டரியை மாற்றி, நாலு நிமிஷத்தில் போய்விட்டார். ஒரு புல்கூட மிதிபடவில்லை.

ஏழு நாற்பதுக்கு இன்னொரு உருவம். அவர் ஒழுங்காக மாற்றினாரா என்று சோதிக்க, பாதையோரம் இருக்கும் நாலாம் கம்பத்துக்கு மட்டும் வாராவாரம் பின்னாலேயே போகும் அவளேதான். ஒரு கை கேமராக் கண்ணாடியைத் துடைக்கிறது. இன்னொரு கை, படத்தை மறைக்கக்கூடாதென்று, எதிரே நீட்டிய துளிர்களைக் கிள்ளிக் கிள்ளி எறிகிறது. அடுத்த படத்திலும் அதேதான், அதற்கடுத்ததிலும். கை பாட்டுக்குச் செய்திருக்கிறது, அவள் கவனிக்கவே இல்லை.

அழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு இயக்குநரைப் போனில் கூப்பிட்டாள்.

“கிள்ளினது நான்தான் சார். அவரை நிறுத்தாதீங்க.”

காவலாளி வேலையில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டு, நாலாம் கேமராவின் இந்த வருஷக் கணக்கைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு இயக்குநர் போனை வைத்தார்.

காவலாளி கேமராப் பெட்டிச் சாவிகளோடு வாசலில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“அண்ணே, மன்னிச்சிருங்க. நீங்க வேலையில இருங்க.”

“நீங்க கிள்றதை மூணு வாரம் முன்னாடியே திரும்பி வர்ற வழியில பாத்தேன் மேடம்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, பையைத் திறந்து காட்டுங்கன்னீங்க. காட்டிட்டுப் போயிட்டேன்.” அவர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். “இத்தனை வருஷமா காட்டுல தனியா நடக்கறேன், பயந்ததில்ல. இப்பதான் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறேன். எனக்கு வேணாம் மேடம் இந்த வேலை. பன்னெண்டு சாவியும் இருக்கு, எண்ணிக்கோங்க.”

அவர் படியிறங்கிப் போனார். அவள் எண்ணவில்லை. எண்ண வெட்கமாக இருந்தது.