ஹெய்மாவின் வீரமரணம்

வரலாறு மாவீரர் எவரையும் மறப்பதில்லை. குரோகோச்சி ஹெய்மா என்ற சாமுராயை மட்டும் அவர் செத்த மறுவாரமே மறந்துவிட்டது. நானூறு ஆண்டுகள் கழித்து வாரப் பத்திரிகையில் மாங்கா என்னும் படக்கதைத் தொடர் வரையும் ஓவியர் ஒருவர்தான் அவரைத் தோண்டி எடுத்தார், வில்லனுக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள் குறைந்ததால்.

எங்கள் ஊரில் அந்த வம்சத்தில் மிச்சம் தோகுஜி மட்டும். மனைவி இறந்துவிட்டாள், மகன் ஒசாகாவில். போன வார இதழ், ஹெய்மா கோட்டை வாசலில் வாளை உருவியதோடு நின்றிருந்தது. இந்த வாரம் மனம் திருந்தி, கதாநாயகனுக்காக உயிரை விடுவார் என்று தோகுஜி முடிவு கட்டிவிட்டார். அப்படிச் செத்தால் ஊர் ரயில் நிலையத்தில் அவருக்கு ஆளுயர அட்டை உருவம் ஒன்று வைப்பார்கள். அதைப் பார்க்கவாவது மகன் வருவான்.

திங்கட்கிழமை இதழ் வந்ததும் வாங்கினார். பிரிக்கவில்லை. எது வாங்கினாலும் முதலில் முன்னோருக்குப் படைப்பதுதானே முறை. மனைவியின் படத்தைச் சற்று நகர்த்திவிட்டு, பூஜை மாடத்தில் பத்திரிகையை வைத்தார். உறவினருக்கெல்லாம் சொல்லி அனுப்பி, பெரிய தட்டு நிறைய சுஷியும் வரவழைத்திருந்தார். உட்கார விரித்த சிறு மெத்தைகள் எல்லாம் காலியாகவே கிடந்தன. வந்தது கோயில் குருக்கள் ரியோகாய் மட்டும்.

அவர் மந்திரம் சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. ஊதுவத்தி எரிந்து முடிந்தது. இன்னொன்று ஏற்றினார்.

ஒருவழியாக மணி அடித்து முடிந்ததும் தோகுஜி பத்திரிகையை இரு கையால் எடுத்துப் பிரித்தார். பக்கம் புரண்டது. நின்றது. குருக்கள் கூரையைப் பார்த்தார்.

"சாமி, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையிலயே படிச்சிட்டேன்யா."

"அதான் மந்திரம் இவ்ளோ நீளமா?"

"அதையேதான் ரெண்டாவது தடவயும் சொன்னேன். மூணாவது தடவைக்கு முட்டி ஒத்துக்கல."

"சுஷி சாப்பிடுங்க. ஆள் இல்ல."

குருக்கள் தன்னால் முடிந்தவரை உதவிவிட்டுப் போனார். தோகுஜி மகனுக்குப் போன் செய்தார்.

"இந்த வாரம் படிச்சியாடா?"

"அத நிறுத்தி ரொம்ப நாளாச்சுப்பா. ஒரே அறுவை. என்ன ஆச்சு நம்ம ஹெய்மா தாத்தாவுக்கு?"

தோகுஜி மாடத்தைப் பார்த்தார்.

"செத்துட்டார்டா. கோட்டைக்குள்ள, தனியாளா. பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

"அட, பரவாயில்லயே. சண்டையா?"

"எல்லாரும் ஓடுறாங்க, இவர் மட்டும் உள்ளயே இருக்கார். ஸ்டேஷன்ல அட்டை வைப்பாங்கன்னு நினைக்கிறேன். வந்து பாரு."

"வச்சதும் சொல்லுங்கப்பா. வரேன்."

ஹெய்மா கோட்டைக் கக்கூஸ் குழியில் வழுக்கி விழுந்து செத்திருந்தார்.