ஒரு கோப்பும் தாமதமாகவில்லை

1

ஒரு தப்பை மறைக்கத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். இன்று நான்கு மணிக்கு எங்கள் அரசு ஊழியர் சங்கத்தின் மாவட்டக் கூட்டம். ரதோஸ்தினாவைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கத் தீர்மானம் வருகிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: வ்ராட்சா மலை மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த

(வேண்டாம். எங்கள் ஊர் நிலப்பதிவு அலுவலகத்துக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: ரதோஸ்தினா சட்டைக் கையில் பச்சை ரிப்பனைக் கட்டிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தார். வேலைநிறுத்தம் தொடங்கியது.

இது தேறும். எங்களுக்கு உள்ள சட்டம் அப்படி. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யலாம், வேலையை மட்டும் நிறுத்தக் கூடாது. ரிப்பன் கட்டலாம், அட்டை மாட்டலாம். மனு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

2

ஏழு பேர் வேலையை மூன்று பேர் பார்த்தோம்: ரதோஸ்தினா, கிராசிமிர், சங்கச் செயலாளரான நான். ஆள் போடச் சொல்லி இயக்குநரிடம் ஐந்து முறை பேச்சுவார்த்தை.

"பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்குங்க," என்றார் அவர் ரதோஸ்தினாவிடம், ஐந்தாவது முறை.

"ஆள் போடுங்க. நாளைக்கே கழட்டிடறேன்."

"மேல எழுதியிருக்கேனே."

"மேலன்னா எந்த மாடிங்க? நாங்களே ஏறிப் போய்க் கேக்கறோம்."

அப்படித்தான் தலைநகர் சோபியாவுக்குப் போனோம். உண்மையாகவே வேலையை நிறுத்தும் உரிமை கேட்டு, சட்டத் திருத்தத்துக்காக, நாடாளுமன்றத்தின் தொழிலாளர் குழு முன்னால். எங்களுக்கு மூன்று நிமிடம் தந்தார்கள்.

3

ரதோஸ்தினா தலை நிமிர்ந்து வாசித்தார்: "நாற்பது நாள் போராட்டத்தில் ஒரு கோப்பும் தாமதமாகவில்லை."

ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இப்ப இருக்கற சட்டமே போதும்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

அறை சிரித்தது. திருத்தம் அன்றே ஓரங்கட்டப்பட்டது.

(வேறு எந்தத் தொழிற்சங்கமும் இப்படி மார்தட்டி மாட்டிக்கொண்டிருக்காது. நாங்கள் கோப்பு ஆட்கள். நிலுவை என்றாலே எங்களுக்குக் கூச்சம்.)

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: அந்த வாக்கியம் அவர் வாயில் தானாக வந்து

பொய். எழுதிக் கொடுத்தவன் நான். ரயிலில் பனித்ஸா பலகாரம் தின்றுகொண்டே படித்துப் பார்த்த ரதோஸ்தினா, "இந்த வரி வேணாம்னு தோணுது, லியூபென்," என்றார்.

"அதுதான்கா நம்ம பெருமையே."

என் முகத்துக்காக அதை அடிக்காமல் விட்டார்.

4

அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றைய தீர்மானம். கொண்டுவருபவர் கிராசிமிர். அடுத்த தலைவராக அவர் சொல்லும் பெயர் என்னுடையது. வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பதவி மேல் ஆசை இருக்கிறது.

நேற்று நடைவழியில் ரதோஸ்தினாவைப் பிடித்தேன்.

"நான் எழுதினதுன்னு ஏன்கா யாருகிட்டயும் சொல்லல?"

"படிச்சது என் வாய்தானே. உனக்கா சொல்லணும்னு தோணினா சொல்லு. நான் வந்து கெஞ்ச மாட்டேன்."

5

முடிவு அ: நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். நம்பும்படி இல்லை. எங்கள் ஆட்கள் கைதட்ட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் ஆறு மாதம் பேசுவார்கள்.)

முடிவு ஆ: நான் வாய் திறக்கவில்லை. தலைவராகிறேன். எனக்கு முதலில் கை கொடுப்பவர் ரதோஸ்தினா. (இது மட்டும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

6

மணி நான்கு பத்து. கூட்டத்தில் உட்கார்ந்து, நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலேயே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஓட்டுக்கு விடறதுக்கு முன்னாடி யாராவது பேசணுமா?" என்கிறார் கிராசிமிர்.

ரதோஸ்தினா என் பக்கம் திரும்பவே இல்லை.

குறிப்பேட்டில் 'பேசியவர்' என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். வாசகரே, பக்கத்தில் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள். என்னிடம் விட்டால் என்ன எழுதுவேன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.